கிளாரினெட் வாங்கியாச்சு, சத்தம் மட்டும் வரமாட்டேங்குது

எங்க ஊர்ல கல்யாண ஊர்வலம்னா பேண்டு செட்டு வரும், ட்ரம்பெட்காரரு கண்ணு பிதுங்க ஊதிட்டு இருப்பாரு, அவருக்குப் பக்கத்துல கறுப்பா நீளமா ஒண்ண வச்சுக்கிட்டு ஒரு தாத்தா அலட்டிக்காம மொத்தப் பாட்டையும் இழுத்துட்டுப் போவாரு. சின்ன வயசுல அத "கறுப்பு நாயனம்"னுதான் சொல்லுவோம். அந்தக் கறுப்பு நாயனத்த நான் கையில எடுத்தது 36 வயசுல. முதல் வாரம் பூரா வாத்த யாரோ மிதிச்ச மாதிரி சத்தம், எங்க அம்மா கதவ சாத்திட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு ரிட்டயர்டு பேண்டு மாஸ்டர்கிட்ட போய் உக்காந்தேன், அவர் ஒரு மணி நேரத்துல சரி பண்ணிவிட்ட விஷயங்கள நான் மூணு மாசம் யூட்யூப் பாத்தும் புடிக்கல. அந்த ஒரு மணி நேரத்ததான் இங்க எழுதறேன், கூட நான் பட்ட அவஸ்தையும் கொஞ்சம்.

முதல்ல எத வாங்கறது. கிளாரினெட்ல நிறைய சைஸ் இருக்கு, நமக்கு வேண்டியது பி ஃப்ளாட் கிளாரினெட், கிட்டத்தட்ட ரெண்டடி நீளம், 17 கீ (விரலால அழுத்தற உலோக நெம்பு) இருக்கற போஹம் சிஸ்டம். இந்த கீ அமைப்பு பாரிஸ்ல 1840 வாக்குல குளோசேன்னு ஒரு வாத்தியாரும் புஃபேன்னு ஒரு கருவி செய்யறவரும் சேந்து கொண்டு வந்தது, இன்னிக்கு உலகத்துல பெரும்பாலான புக்கு, வீடியோ, விரல் சார்ட் எல்லாம் இதுக்குத்தான் இருக்கு. பழைய பேண்டு செட்டுக்காரங்ககிட்ட கீ கம்மியா இருக்கற பழைய சிஸ்டம் கிடைக்கும், அதுலயும் பிரமாதமா வாசிக்கறவங்க இருக்காங்க, ஆனா விரல் வைக்கிற முறையே வேற, தனியா உக்காந்து கத்துக்கறவங்க அதுல மாட்டிக்காதீங்க.

மரமா பிளாஸ்டிக்கான்னு எல்லாரும் கேக்கறாங்க. பெரிய வித்வான்கள் வாசிக்கறது ஆப்பிரிக்காவுல, முக்கியமா தான்சானியா மொசாம்பிக் பக்கம் வளர்ற கிரெனடில்லா மரம், தண்ணியில போட்டா முங்கிடும் அவ்ளோ கனம். ஆனா புது மரக் கருவிய முதல் சில வாரம் ஒரு நாளைக்கு கால் மணி நேரத்துக்கு மேல ஊதக்கூடாது, ஏசி ரூம்லேந்து வெயிலுக்கு எடுத்துட்டுப் போகக்கூடாது, விட்டா விரிசல் விழும். நம்ம ஊர் வெயிலுக்கும் ஆரம்பக்காரங்க பொறுமைக்கும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்தான் சரி. யமஹா 255 மாதிரி ஸ்டூடன்ட் மாடல் போதும், வருஷக்கணக்கா ஓடும். நான் பண்ண தப்பச் சொல்லிடறேன், ஆன்லைன்ல நீலக் கலர்ல பளபளன்னு ஒண்ணு பாதி விலைக்கும் கீழ கிடைச்சுது, வாங்கினேன், ரெண்டாவது மாசம் கீ வளைஞ்சுது, ரிப்பேர்காரர் நிமிர்த்தினாரு, திரும்ப வளைஞ்சுது, "தம்பி இது பித்தளை இல்ல, எதோ ஒண்ணு"ன்னு கையில குடுத்துட்டாரு. அந்தக் காசுக்கு நல்ல செகண்ட் ஹேண்டே வந்திருக்கும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போனா ஒரு டெஸ்ட் பண்ணுங்க. மேல் துண்ட மட்டும் தனியா கழட்டி, இடது கை மூணு விரலால முன்னாடி மூணு ஓட்டையையும் கட்டை விரலால பின்னாடி ஓட்டையையும் அடைச்சுக்கிட்டு, அடிப்பக்கத்த வலது உள்ளங்கையால பொத்திட்டு, மேல வாய வச்சு உறிஞ்சுங்க. நாலஞ்சு செகண்டு அப்படியே புடிச்சு நின்னா பேட் (கீக்கு அடியில ஓட்டைய மூடற குட்டி மெத்தை) எல்லாம் நல்லா உக்காந்திருக்குன்னு அர்த்தம். புஸ்ஸுன்னு விட்டுப்போச்சுன்னா எங்கயோ காத்து லீக் ஆகுது, பேட் மாத்தற செலவ விலையில கழிச்சுக் கேளுங்க.

இப்ப ரீட். கிளாரினெட்டோட பாதி சந்தோஷமும் முக்காவாசி எரிச்சலும் இந்தச் சின்னத் தட்டைதான். நாகஸ்வரத்துல சீவாளி இருக்குல்ல, அதுல ரெண்டு தட்டை ஒண்ணோட ஒண்ணு அடிச்சுக்கும், இதுல ஒரே தட்டை, நாம வாயில வைக்கற முனையான மவுத்பீஸ்ல மோதி அதிரும். நல்ல ரீட்டுக்கான நாணல் பிரான்ஸோட தெற்கு ஓரத்துல வார்ங்கற பகுதியில வளருது, பேர் பெத்த கம்பெனிங்க அங்கேந்துதான் எடுக்கறாங்க. பெட்டி மேல 1.5, 2, 2.5ன்னு நம்பர் இருக்கும், நம்பர் ஏற ஏற ரீட் கெட்டி. 2 இல்லன்னா 2.5ல ஆரம்பிங்க. "பெரிய ஆளுங்க 3.5 ஊதறாங்க"ன்னு நேரா அங்க தாவுனீங்கன்னா வெறும் காத்துதான் வரும், தலை சுத்தும். ஒரு பெட்டியில 10 இருந்தா பத்தும் நல்லா இருக்காது, அது உங்க தப்பு இல்ல. நாலு ரீட்ட எடுத்து பின்னாடி பென்சில்ல 1, 2, 3, 4ன்னு எழுதி தினம் ஒண்ணா மாத்தி மாத்தி ஊதுங்க, ஒண்ணையே போட்டு தேய்ச்சா சீக்கிரம் செத்துப்போகும், அடுத்தது புதுசா போடும்போது வாய் பழகாம தடுமாறும். முனை லேசா உடைஞ்சிருந்தாலும் தூக்கிப் போட்டுடுங்க, மனசு வராது, ஆனாலும் போடுங்க.

ஊதறதுக்கு முன்னாடி ரீட்ட ஒரு நிமிஷம் வாயில வச்சு நனைக்கணும். காஞ்ச ரீட்டோட முனை அப்பளம் மாதிரி நெளிஞ்சு இருக்கும், நனைஞ்சா நேராகும். அத மவுத்பீஸோட தட்டையான பக்கத்துல வச்சு, ரீட் முனைக்கு மேல மவுத்பீஸோட கறுப்பு ஒரு மயிரிழை தெரியற மாதிரி நகத்தால நகத்தி, லிகேச்சர (ரீட்ட மவுத்பீஸோட புடிச்சு வைக்கற வளையம்) மாட்டி ஸ்க்ரூவ டைட் பண்ணுங்க. ரொம்ப முறுக்க வேணாம், ரீட் நகராம இருந்தா போதும். லிகேச்சர முதல்ல மாட்டிட்டு அப்புறம் ரீட்ட மேலேந்து உள்ள சொருகறது நல்லது, ரீட் வச்சதுக்கப்புறம் லிகேச்சர இறக்குனா முனையில இடிக்கும், நான் இப்படியே ஒரு வாரத்துல மூணு ரீட்ட காலி பண்ணேன்.

இங்கதான் மாஸ்டர் சொன்ன முதல் விஷயம். மொத்தக் கருவியையும் மாட்டவே மாட்டாதீங்க. மவுத்பீஸு, அதுக்குக் கீழ இருக்கற குட்டி பேரலு, இந்த ரெண்டு மட்டும். இத ஊதினா சரியான வாய் அமைப்புல எஃப் ஷார்ப் வரணும், நம்ம கணக்குல மேல் ஸ்தாயி நாலரைக் கட்டை. ஃபோன்ல ட்யூனர் ஆப் போட்டுப் பாருங்க. அதுக்குக் கீழ இறங்கி தொங்குச்சுன்னா வாய் தளர்வா இருக்கு, மேல ஏறி கீச்சுன்னுச்சுன்னா கடிக்கறீங்க. ஒரு வாரம், தினம் பத்து நிமிஷம் இது மட்டும், ஆடாம அசையாம ஒரே சுரத்துல பத்து எண்ணிக்கை நிக்கற வரைக்கும். போரடிக்கும்தான். எனக்கு மூணாவது நாளே பாட்டு வாசிக்கணும்னு அரிச்சுது, அந்த அரிப்ப அடக்குனதுதான் நான் பண்ண ஒரே புத்திசாலித்தனம்.

வாய் எப்படி வைக்கறதுன்னா, கீழ் உதட்ட லேசா கீழ்ப்பல் மேல மடிச்சு அதுக்கு மேல ரீட்ட வைங்க, மேல்பல்லு நேரா மவுத்பீஸ் மேல உக்காரணும், உதட்டோட ரெண்டு ஓரமும் காத்து போகாம இறுக்கமா. தாடைய தட்டையா கீழ இழுத்து வைக்கணும், ஷேவ் பண்றப்ப இழுப்போமே அந்த மாதிரி. கன்னம் உப்பக்கூடாது. எவ்ளோ உள்ள வைக்கறதுங்கறதுதான் எல்லாரும் குழம்பற இடம். ஒரு துண்டுப் பேப்பர ரீட்டுக்கும் மவுத்பீஸுக்கும் நடுவுல மேலேந்து மெதுவா இறக்குங்க, எங்க வந்து நிக்குதோ அந்த இடத்துலதான் கீழ் உதடு இருக்கணும், முனையிலேந்து ஒரு செண்டிமீட்டர் சொச்சம் வரும். நிறைய பேரு பயந்துக்கிட்டு முனைய மட்டும் கவ்வுவாங்க, அப்ப சத்தம் கொசு மாதிரிதான் வரும். மேல்பல் கூசுச்சுன்னா மவுத்பீஸ் மேல ஒட்டற சின்ன ரப்பர் ஸ்டிக்கர் கிடைக்குது, வாங்கி ஒட்டுங்க.

காத்த வயித்துலேந்து விடுங்க, சூடான காபிய ஊதி ஆத்தற மாதிரி மெலிசா வேகமா. சுரத்த ஆரம்பிக்கறதுக்கு நாக்கு. "தூ"ன்னு சொல்றப்ப நாக்கு பல்லத் தொட்டு விலகும்ல, அதே மாதிரி ரீட்டோட முனையத் தொட்டு விலகணும். நாக்கு காத்த அடைக்கறதுக்கு இல்ல, காத்து எப்பவும் போயிட்டே இருக்கும், நாக்கு ரீட்ட ஒரு தொடு தொட்டுட்டு வந்துடும்.

ரெண்டாவது வாரம் முழுசா மாட்டுங்க. துண்டுங்க சேர்ற இடத்துல இருக்கற கார்க் எல்லாத்துலயும் கிரீஸ் தடவிட்டு திருகித் திருகி மாட்டணும், நேரா குத்தித் தள்ளக்கூடாது. மேல் துண்டையும் கீழ் துண்டையும் சேக்கறப்ப ரெண்டையும் இணைக்கற சின்ன பாலம் மாதிரி ஒரு கீ இருக்கு, மேல் துண்டோட வளையத்த அழுத்தினா அந்தப் பாலம் தூக்கிக்கும், தூக்கி வச்சுக்கிட்டேதான் மாட்டணும். மறந்தா வளைஞ்சிடும், ரிப்பேர்கடையில முதல்ல வர்ற கேஸ் இதுதான்னு மாஸ்டர் சொல்லுவாரு.

வலது கட்டை விரலோட நகத்துக்கும் முதல் கணுவுக்கும் நடுவுலதான் மொத்த வெயிட்டும் உக்காரும். முதல் மாசம் வலிக்கும், தொடர்ந்து வலிச்சா கழுத்துல மாட்டற பட்டை வாங்கிக்கோங்க, வெக்கப்படாதீங்க. இடது கட்டை விரல் பின்னாடி ஓட்டைய மூடணும், அப்படியே மேல இருக்கற ரெஜிஸ்டர் கீயையும் (மேல் சுரங்களுக்குத் தாவ வைக்கற கீ) தொடணும், அதனால நேரா வைக்காம ரெண்டு மணி காட்டற முள்ளு மாதிரி சாய்ச்சு வைங்க.

எல்லா விரலையும் தூக்கிட்டா வர்றது ஜி. பின்னாடி கட்டை விரல் மட்டும் மூடினா எஃப், கூட இடது ஆள்காட்டி விரல் சேத்தா ஈ, அடுத்த விரல் டி, மோதிர விரலும் சேந்தா சி. இந்த அஞ்சு சுரத்துல ஒரு மாசம் ஓட்டலாம். ஓட்டைய விரல் நுனியால மூடாதீங்க, நுனிக்குப் பின்னாடி சதைப்பத்தான இடம், விரல்ரேகை எடுக்கறப்ப வைப்போமே அது. ஊதி முடிச்சதும் விரலப் பாருங்க, முழு வட்டமா தடம் பதிஞ்சிருந்தா நல்லா மூடியிருக்கீங்க, பிறை மாதிரி இருந்தா காத்து விட்டிருக்கீங்க.

ஏன் இத இவ்ளோ இழுக்கறேன்னா, கீச்சுன்னு சத்தம் வந்த உடனே எல்லாரும் வாயத்தான் சந்தேகப்படறாங்க, இன்னும் கடிக்கறாங்க, இன்னும் மோசமாகுது. என் அனுபவத்துல பத்துக்கு ஏழு தடவ குத்தம் விரல்ல, ஏதோ ஒரு ஓட்டை கால்வாசி திறந்திருக்கும், இல்லன்னா விரல் பக்கவாட்டு கீயில தெரியாம இடிச்சிருக்கும். அப்புறம்தான் ரீட், அதுக்கும் அப்புறம்தான் வாய். குடுகுடுன்னு தண்ணி கொதிக்கற சத்தம் வந்தா ஓட்டையில எச்சில் தேங்கியிருக்கு, அந்த ஓட்டைய வெளியிலேந்து ஊதிவிட்டு பேடுக்கு அடியில ஒரு மெலிசான பேப்பர் வச்சு ஒத்தி எடுங்க.

நம்ம ஆளுங்கள குழப்பற இன்னொண்ணு சுருதி. கிளாரினெட்ல "சி"ன்னு எழுதியிருக்கற சுரத்த வாசிச்சா கீபோர்டுல பி ஃப்ளாட் கேக்கும், அதனாலதான் பேரே அது. அதாவது நம்ம கணக்குல ஆறரைக் கட்டை. சி விரல ஸட்ஜமா வச்சு ஸரிகம பழகறவங்க சுருதிப் பெட்டிய ஆறரையில வைங்க, ஒரு கட்டையில வச்சுட்டு "கருவி அபஸ்வரமா இருக்கு"ன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க. நான் போனேன். லேசா மட்டும் ஏறி இருந்தா பேரல ஒரு மில்லிமீட்டர் வெளிய இழுங்க, இறங்கும்.

அடுத்தது இந்தக் கருவியோட பெரிய விசித்திரம். புல்லாங்குழல்ல அதே விரல வச்சுக்கிட்டு ஊதல் மாத்தினா அடுத்த ஸ்தாயி அதே சுரம் வரும். கிளாரினெட் அப்படி இல்ல. ஒரு பக்கம் ரீட்டால மூடின நேர் குழாய்ங்கறதால இது ஒத்தப்படை ஹார்மோனிக்குக்குத்தான் (அடிச் சுரத்தோட அதிர்வுல மூணு மடங்கு, அஞ்சு மடங்குன்னு போற சுரங்கள்) நல்லா மசியும், அதனால ரெஜிஸ்டர் கீய அழுத்தினா ஸட்ஜம் புடிச்ச விரலு மேல் ஸ்தாயி பஞ்சமத்தக் குடுக்கும். அதே காரணத்தாலதான் கிட்டத்தட்ட இதே நீளம் இருக்கற மேற்கத்திய ஃப்ளூட்ட விட ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழ போகுது. 1700 வாக்குல ஜெர்மனியில நூரம்பெர்க்ல டென்னர்னு ஒருத்தரு அதுக்கு முன்னாடி இருந்த சலுமோன்னு ஒரு சின்னக் குழல்லேந்து இத வளத்தெடுத்தாரு, அந்த ரெஜிஸ்டர் கீதான் விஷயமே. கீழ் சுரங்களோட இருட்டான குரலுக்கு இன்னும் சலுமோன்னே பேரு இருக்கு.

இதுனால வர்ற தொல்லை, திறந்த ஜிக்கு மேல இருக்கற ஏ சுரம் வரைக்கும் (தொண்டைப் பகுதின்னு சொல்லுவாங்க) கிட்டத்தட்ட எல்லா விரலும் தூக்கியிருக்கும், அடுத்த பி சுரத்துக்குப் போகணும்னா ஒரே நேரத்துல எல்லா விரலும் மூடி ரெஜிஸ்டர் கீயும் அழுத்தணும். பிரேக்குன்னு சொல்லுவாங்க, பாதி பேரு கிளாரினெட்ட பரண்ல போடறது இந்த இடத்துலதான். மாஸ்டர் குடுத்த குறுக்கு வழி, கீழேந்து ஏறிப் போய் மோதாதீங்க. அடியில ஜி சுரத்த, அதாவது ரெண்டு கையிலயும் மூணு மூணு விரலும் கட்டை விரலும் மூடி, நீளமா ஊதிக்கிட்டே இடது கட்டை விரல மட்டும் சாய்ச்சு ரெஜிஸ்டர் கீயத் தொடுங்க, வாயில எதையும் மாத்தாதீங்க, மேல டி தானா தாவும். அது வந்தா அங்கேந்து ஒவ்வொரு விரலா இறங்கி பி சுரத்துக்கு வாங்க. அப்புறம் ஏ வாசிக்கறப்பவே வலது கை விரல முன்கூட்டியே மூடி வச்சுக்கலாம், ஏ சத்தம் கெடாது, தாவறதுக்கு இடது கை மட்டும் வேல செஞ்சா போதும்.

கர்நாடக சங்கீதம் வாசிக்கற ஆசையில வர்றவங்களுக்கு ஒரு வார்த்தை. இது நமக்குப் புதுசு இல்ல, அந்தக் காலத்து சதிர்க் கச்சேரியில (இப்ப பரதநாட்டியம்) சுருதிக்கு ஊதற துத்தியோட கிளாரினெட்டும் இருந்துது. அத தனிக் கச்சேரி வாத்தியமா தூக்கி நிறுத்தினவர் திருச்சி ஏ.கே.சி. நடராஜன், 2008ல சங்கீத கலாநிதி, 2022ல பத்மஸ்ரீ, அடிப்படையில நாகஸ்வரமும் படிச்சவரு. அவரோட பழைய ரெக்கார்டிங் கேட்டுட்டு நான் ரெண்டு நாள் கருவியத் தொடல. பேட் போட்ட கீ திறந்தா திறப்பு மூடினா மூடல், நடுவுல ஒண்ணும் கிடையாது, கமகம், அதாவது சுரத்த அசைச்சுக் குழைக்கறது, அங்க வழுக்காது. ஓட்டைய நேரா விரலால மூடற இடங்கள்ல விரல மெதுவா சரிச்சு, தொண்டையையும் உதட்டையும் சேத்து வளைச்சுத்தான் குழைவு கொண்டு வரணும். இதுக்கு சார்ட் உதவாது, குரு வேணும், கிளாரினெட் குரு கிடைக்கலன்னா நாகஸ்வரக்காரரோ பாட்டு வாத்தியாரோ கூட போதும், அவங்க பாட நீங்க தேடிப் புடிக்கலாம்.

தினம் எவ்ளோ நேரம்னா, காலையில கால் மணி சாயந்தரம் கால் மணி. உதடு நடுங்க ஆரம்பிச்சா நிறுத்திடுங்க, அதுக்கு மேல ஊதறதெல்லாம் கடிச்சு ஊதறதுதான், தப்பான பழக்கம் உக்காந்துடும். பஜ்ஜி காபி முடிச்சுட்டு நேரா ஊதாதீங்க, வாய கொப்பளிச்சுட்டு வாங்க, சக்கரையும் எண்ணெயும் பேட்ல ஒட்டினா ஒவ்வொரு சுரத்துக்கும் டப் டப்னு சத்தம் வரும்.

முடிச்சதும் ரீட்ட கழட்டித் துடைச்சு அதோட டப்பாவுல வைங்க, மவுத்பீஸ்லயே விட்டா நம்ம மழைக்காலத்துல நாலு நாள்ல பூஞ்சை. உள்ள நூல் கட்டின துணிய பெல் (விரிஞ்ச கீழ் முனை) பக்கம் விட்டு ரெண்டு தடவ இழுங்க. மவுத்பீஸ வாரத்துக்கு ஒரு தடவ பச்சத் தண்ணியில கழுவுங்க, வெந்நி வேணாம், மவுத்பீஸ் செய்யற எபோனைட் (கெட்டி ரப்பர்) நிறம் மாறி பழுப்பாகி நாத்தம் அடிக்கும். கழட்டறப்பவும் அந்தப் பாலம் கீ ஞாபகம் இருக்கட்டும். கேஸுக்குள்ள ஸ்வரப் புத்தகம், துணி, டைரி எல்லாத்தையும் திணிச்சு மூடி அழுத்தாதீங்க, கீ மேல அழுத்தம் விழும். எங்க வீட்டுல என் பையன் அதுமேல ஸ்கூல் பேக வைப்பான், அதனால இப்ப பீரோ மேல ஏத்தி வச்சிருக்கேன், அம்மாவும் கதவ பாதிதான் சாத்தறாங்க.